நாற்காலியைப் பார்த்ததுமே அழுகிறாளா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிகிறது. போன மாதம் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நாற்காலியைப் பார்த்ததுமே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாயைத் திறக்கவே இல்லை, திரும்பி வந்துவிட்டோம். பால் பல்தானே, விட்டுவிடலாமா? இல்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு முடித்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். இப்போது கொஞ்சம் சுத்தம் செய்து அடைத்தாலே போதுமாக இருக்கலாம். விட்டுவிட்டால், ஒருநாள் ராத்திரி வலியில் எழுந்து அழுவாள். அன்றைக்கு அவளைப் பழக்கப்படுத்த உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்களுக்கும் இருக்காது. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் கீழே சொல்வதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றே போய்விடுங்கள்.

பிடித்துக்கொண்டு செய்தால் அந்தப் பல் சரியாகும். ஆனால் அடுத்த முறை வாசலிலேயே அழ ஆரம்பிப்பாள். பெரியவர்களான பிறகும் பல் மருத்துவரைத் தள்ளிப்போடும் பலரிடம் கேட்டால், சின்ன வயதில் நடந்த இப்படி ஒரு சம்பவத்தைத்தான் சொல்வார்கள்.

அவள் இடத்தில் நீங்கள் படுத்துப் பாருங்கள். முகத்துக்கு நேரே விளக்கு, முகமூடி போட்ட ஒருவர் குனிகிறார், வாயில் கையை வைத்துவிட்டதால் பேசவும் முடியாது. என்ன நடக்கப்போகிறது என்றும் தெரியாது, நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. பயத்தின் வேர் இந்த இரண்டும்தான். வலி அதற்கு அப்புறம்.

அதனால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் நாங்கள் முதலில் கற்பதே, சொல்லி, காட்டி, பிறகு செய்வது. பல்லை மெருகேற்றும் கருவியின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் கிண்ணம் இருக்கும். அதை நேரே வாய்க்குக் கொண்டுபோக மாட்டோம். "இது சுத்தும், கூச்சமா இருக்கும், கையை நீட்டு" என்று சொல்லி, முதலில் அவள் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டுவோம். குழந்தை அடுத்த விரலை நீட்டும். பத்து நகமும் முடிந்த பிறகு, "இப்ப ஒரு பல்லுக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் வாய் திறக்கும். கூடவே ஓர் ஒப்பந்தம்: இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்துவேன். நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று சோதிக்கவே குழந்தைகள் ஒருமுறை தூக்குவார்கள். அப்போது நிறுத்தியே ஆக வேண்டும். இப்படிப் பொறுமையாகச் செய்யும் மருத்துவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முதல் முறை பல்லை எண்ணுவது மட்டும்தான், சிகிச்சை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரம் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பற்களை எண்ணுங்கள். இந்த வயதில் 20 இருக்க வேண்டும். அப்புறம் அவள் உங்கள் பல்லை எண்ணட்டும்.

பேச்சில்தான் கவனம் வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். அதுவரை வலியை நினைக்காத குழந்தைக்கும் அந்தச் சொல்தான் காதில் விழும். "ஊசி போடுவாங்களா?" என்று அவளே கேட்டால், இல்லை என்று சத்தியமும் செய்யாதீர்கள். "எது செஞ்சாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வாங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்பது போதும், அது உண்மையும்கூட. ஒரு பொய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் உங்களையும் நம்ப மாட்டாள், எங்களையும் நம்ப மாட்டாள். வீட்டில் யாராவது "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கே பல் மருத்துவரிடம் பயம் என்றால், அன்றைக்கு அப்பாவோ பாட்டியோ கூட வரட்டும். நீங்கள் கையை இறுக்கிப் பிடிப்பதிலேயே குழந்தை புரிந்துகொள்ளும்.

இரண்டு மூன்று தடவை போயும் முடியவில்லையென்றாலும் கவலைப்படாதீர்கள். சின்னச் சொத்தையாக இருந்தால், சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவி, டிரில் இல்லாமலே அது பரவாமல் நிறுத்தப் பார்க்கலாம். அந்த இடம் கறுப்பாகிவிடும். கடைவாய்ப் பல்லில் அது வெளியே அவ்வளவாகத் தெரியாது. பயத்தைத் தணிக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் உண்டு, மூக்கில் சின்ன மாஸ்க் வைத்துக் கொடுப்பார்கள். உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதைப் பல்லைப் பார்த்தபிறகு மருத்துவர் சொல்வார்.

மரத்துப்போக மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்த அன்று, இரண்டு மூன்று மணி நேரம் அவளைக் கண்ணிலேயே வைத்திருங்கள். மரத்த உதடு வேடிக்கையாக இருப்பதால் குழந்தைகள் அதைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்வு திரும்பும் வரை மென்று சாப்பிடும் எதையும் கொடுக்க வேண்டாம்.