திலேப்பியா குளத்தில் குஞ்சுப் பெருக்கம்: கேள்வி பதில்

கேள்வி: குளத்தில் 2000 குஞ்சுகள் விட்டேன். ஆறு மாதம் கழித்து வலையிழுத்தபோது 80 கிராமைத் தாண்டாத மீன்களும், அவற்றோடு எண்ணி முடியாத பொடிக் குஞ்சுகளும் வந்தன. தீவனத்தில் குறை வைத்துவிட்டேனா?

பதில்: வலையில் வந்த அந்தப் பொடிக் குஞ்சுகளே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. குளத்தில் வளரும் திலேப்பியா மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள், 30 முதல் 50 கிராம் எடையிலேயே, பருவமடைந்துவிடக்கூடியது. நீர் 24 டிகிரி செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிடும். ஆண் மீன் அடிமண்ணில் வட்டமாகக் குழி பறிக்க, பெண் மீன் அதில் இட்ட முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை பெரும்பாலும் இரையெடுக்காமலே காக்கிறது. இதனால் தாயின் வளர்ச்சி தடைப்படுகிறது. வெளிவந்த குஞ்சுகளோ வளர்ப்பு மீன்களுக்கென்று நீங்கள் போடும் தீவனத்தையும் நீரிலுள்ள உயிர்வளியையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தீவனத்தைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது; ஆண் மீன்களை மட்டும் வளர்ப்பதே வழி.

கேள்வி: ஆண், பெண்ணைக் கையாலேயே பிரித்துவிட முடியுமா?

பதில்: முடியும். மீன் 25, 30 கிராம் எடைக்கு வந்ததும் அதை மல்லாத்திப் பிடித்து, ஆசனவாய்க்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு காம்பைப் பாருங்கள். ஆணின் காம்பு கூம்பாக நீண்டு, நுனியில் ஒரே துளையோடு இருக்கும். பெண்ணின் காம்பில் நுனித்துளை தவிர, குறுக்காக ஒரு மெல்லிய பிளவும் உண்டு. வெறும் கண்ணுக்கு அந்தப் பிளவு எளிதில் அகப்படாது. பஞ்சுக் குச்சியில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தொட்டுத் தடவினால் நீலக் கோடாகப் பளிச்சென்று தெரியும். முதல் நூறு மீன்களில் தவறு குறைவாகவே நேரும். கண் சோர்ந்த பிறகுதான் பெண் மீன்கள் ஆண் தொட்டிக்குள் நழுவுகின்றன. ஆயிரம் மீன்களில் பத்து விழுக்காடு தவறினாலும் 100 பெண் மீன்கள். ஒன்றுக்கு 200 குஞ்சுகள் என்றே வைத்தாலும் ஒரே ஈட்டில் 20,000 குஞ்சுகள். எனவே சந்தேகத்திற்குரிய மீனை ஒதுக்கிவிடுவதே இலாபம்.

கேள்வி: ஹார்மோன் கொடுத்து ஆணாக்கிய குஞ்சுகள் கிடைக்கின்றன. வாங்கலாமா? உண்பவர்களுக்குக் கேடு வராதா?

பதில்: நம்பகமான பொரிப்பகத்திலிருந்து என்றால் வாங்கலாம். பாலினம் உறுதிப்படுவதற்கு முன்பே, அதாவது இரையெடுக்கத் தொடங்கிய முதல் மூன்று, நான்கு வாரங்களில் மட்டும், ஒரு கிலோ தீவனத்திற்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுப்பதே வழக்கமான முறை; சரியாகச் செய்தால் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆண்களே கிடைக்கும். அப்போது குஞ்சின் எடை ஒரு கிராமைக்கூட எட்டியிருக்காது. அதன் பிறகு மாதக்கணக்கில் வளர்ந்தே விற்பனைக்கு வருகிறது என்பதால், உண்பவரைவிட அம்மருந்தைக் கலப்பவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: கலப்பினத்தாலேயே எல்லாம் ஆணாகப் பிறக்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். மலேசியாவின் மலாக்காவில் மொசாம்பிக் திலேப்பியாப் பெண்ணையும் ஹோர்னோரம் என்ற மற்றொரு திலேப்பியா இனத்தின் ஆணையும் இணைத்தபோது குஞ்சுகள் யாவும் ஆணாகவே வந்ததை ஹிக்லிங் என்ற மீன் ஆய்வாளர் 1960இல் வெளியிட்டார். ஆனால் தாய்மீன் தொட்டியில் வேற்றினம் சிறிது கலந்துவிட்டாலும் அந்தக் கணக்கு பிசகிவிடும் என்பதால், இதைப் பொரிப்பகங்களுக்கே விட்டுவிடலாம்.

கேள்வி: விரால் விட்டால் குஞ்சுகளைத் தின்றுவிடும் அல்லவா?

பதில்: தின்னும், ஆனால் நீங்கள் விட்ட மீனையும் தின்னும். திலேப்பியா வளர்ந்து, விராலின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வந்த பிறகே, அதைவிடச் சிறிய விரால்களை விட வேண்டும். இது பிரித்தெடுப்பில் தவறிய பெண்களின் குஞ்சுகளைக் களையும் துணை ஏற்பாடு மட்டுமே. ஆணும் பெண்ணும் சரிபாதியாக உள்ள குளத்தில் விராலுக்கு வயிறு நிறையுமே தவிர, குஞ்சுகள் தீர்ந்துவிடமாட்டா. மழை இரவில் கரையேறிப் போய்விடும் பழக்கமும் விராலுக்கு உண்டு.

கேள்வி: மிதவைக் கூண்டில் இந்தத் தொல்லை இல்லையாமே?

பதில்: பெருமளவுக்கு இல்லை. பெண் அள்ளுவதற்குள் முட்டைகள் கூண்டு வலையின் கண்ணி வழியே கீழே விழுந்துவிடும். பாசி படர்ந்து கண்ணி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளம் முழுக்கக் குஞ்சாகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: நடுவில் வலையிட்டுக் குஞ்சுகளை அரிப்பது சில வாரங்களுக்கே பயன் தரும். பெரியவற்றைப் பிடித்துவிட்டு, நீரை முழுவதும் வடித்து, சேற்றுக் குட்டைகள்கூட வற்றி நிலம் வெடிக்கும்வரை காயவிடுங்கள். கையளவு நீரில் தப்பிய சில மீன்கள் அடுத்த வளர்ப்பையும் கெடுத்துவிடும். நீர் நுழையும் குழாயில் நெருக்கமான வலை கட்டுங்கள். பிடித்த சின்ன மீன்களை அடுத்த ஈட்டுக்கு விதையாக வைத்துக்கொள்ளவோ, பிறர் குளத்தில் அரித்தவற்றை மலிவு என்று வாங்கவோ வேண்டாம். அவற்றில் பல, விரல் நீளமே இருந்தாலும் வயதால் முதிர்ந்து வளர்ச்சி குன்றியவை. இறக்கிவிட்ட சில வாரங்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும்.