வாசகர் கேள்வி பதில்: தொலைக்கல்வியில் உயர்நிலைக் கரிம வேதியியல்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் பட்டயம் பெற்று, ஜூரோங் தீவில் உள்ள ஆலையொன்றில் பகல், இரவு என மாறி மாறி வரும் 12 மணி நேர ஷிப்டில் பணியாற்றுகிறேன். வயது 34. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் தொலைக்கல்விப் பட்டப்படிப்பில் இவ்வாண்டு உயர்நிலைக் கரிம வேதியியலை எடுத்திருக்கிறேன். பாடநூலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் விளங்குகிறது. பயிற்சி வினாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் படியே தோன்றுவதில்லை. ஆசிரியர் எதிரில் இல்லாமல் இப்பாடத்தைப் படித்து முடிக்க இயலுமா?
– வாசகர், பூன் லே

பதில்: இயலும். வகுப்பறையில் அமர்ந்து படிப்போரும் நீங்கள் தடுமாறும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆயினும் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விரிவுரையாளர் ஒரு வினையின் வழிமுறையைப் பலகையில் வரையும்போது அவர்களும் கூடவே வரைந்துகொள்வதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கை பழகிவிடுகிறது. தொலைக்கல்வி மாணவருக்கோ அந்த வழிமுறை அம்புக்குறிகளோடு முழுமையாக அச்சிடப்பட்டே கிடைப்பதால் கண் மட்டுமே பழகுகிறது. தேர்வு வினாவுக்குக் கண் பழக்கம் போதாது.

ஆகவே ஒரு பக்கத்தைப் படித்ததும் நூலை மூடிவிட்டு, அதிலிருந்த வழிமுறையை வெற்றுத் தாளில் முதலிலிருந்து வரையுங்கள். சிக்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு, நூலைத் திறந்து பார்த்துவிட்டு, மீண்டும் மூடி, சிக்கிய இடத்திலிருந்து தொடராமல் தொடக்கத்திலிருந்தே வரையுங்கள். எலக்ட்ரான்களின் பெயர்ச்சியைக் காட்டும் வளைந்த அம்புக்குறி, இராபர்ட் இராபின்சன் 1922-இல் பயன்படுத்தத் தொடங்கியது. இன்று அதற்குள்ள இலக்கணம் எளியது: எலக்ட்ரான் இணை இருக்கும் இடத்திலிருந்து, அதாவது தனி இணையிலிருந்தோ பிணைப்பிலிருந்தோ புறப்பட்டு, அந்த இணை சென்று சேரும் இடத்தில் அம்பு முடிய வேண்டும். நான் அஞ்சல்வழியில் இப்பாடத்தைப் படித்த ஆண்டில், நான்கு பக்கம் எழுதி அனுப்பிய விடைத்தாள் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அதில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விதான் எழுதப்பட்டிருந்தது: "இந்த அம்பு எங்கிருந்து புறப்படுகிறது?" நான் அதைப் புரோட்டானிலிருந்து தொடங்கியிருந்தேன். எலக்ட்ரானே இல்லாத ஒன்றிலிருந்து எலக்ட்ரான் எப்படிப் புறப்படும்? அந்தக் கேள்வியை இன்றும் நான் வரையும் ஒவ்வோர் அம்பிடமும் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை சிலவே. அவற்றுள் முதன்மையானவை பிகேஏ மதிப்புகள், அதாவது ஒரு சேர்மம் தன் புரோட்டானை எவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதைக் காட்டும் எண்கள்; எண் சிறிதானால் விடுவது எளிது. எத்தனாலுக்கு ஏறத்தாழ 16, அசிட்டோனுக்கு 20, டைஐசோபுரோப்பைலமீனுக்கு 36 என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். எத்தனால் புரோட்டானை இழப்பதால் உண்டாகும் எத்தாக்சைடு அயனி அசிட்டோனிடமிருந்து புரோட்டானைப் பெற முயன்றால், இடைவெளி நான்கு அலகு பாதகமாக இருப்பதால், சமநிலை மாறிலி பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் அமையும். சிறிதளவே உண்டாகும் ஈனோலேட், அதாவது புரோட்டானை இழந்த அசிட்டோன், எஞ்சிக் கிடக்கும் அசிட்டோனோடு வினைபுரிந்து ஆல்டால் விளைபொருளைத் தரும். டைஐசோபுரோப்பைலமீனிலிருந்து பெறப்படும் வலிய காரமான, எல்டிஏ எனப்படும் லித்தியம் டைஐசோபுரோப்பைலமைடைக் கொண்டு அதே வேலையைச் செய்தால், இடைவெளி பதினாறு அலகு சாதகமாகிவிடுவதால், அசிட்டோன் ஏறக்குறைய முழுவதும் ஈனோலேட்டாக மாறிவிடும். எந்தக் காரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்தக் கழித்தல் கணக்கே பெரும்பாலும் முதல் படியைக் காட்டிவிடும்.

அடுத்த படிக்கு 2-மெத்தில்சைக்ளோஹெக்சனோன் என்னும் கீட்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்பனியும் அசிட்டோனும் சேர்ந்த −78 டிகிரி செல்சியஸ் குளியலில், சற்று மிகுதியாக வைத்த எல்டிஏ கரைசலுக்குள் இக்கீட்டோனைத் துளித்துளியாக விட்டால், பருமனான அந்தக் காரம் மெத்தில் தொகுதி இல்லாத, நெரிசல் குறைந்த பக்கத்துப் புரோட்டானையே எடுக்கும். மாறாகக் கீட்டோனைச் சற்று மிகுதியாக விட்டு, வெப்பநிலையையும் உயர்த்திச் சமநிலைக்கு அவகாசம் தந்தால், பதிலீடு மிகுந்த, நிலைப்புத்தன்மை கூடிய ஈனோலேட் மேலோங்கும். பின்னர் மெத்தில் அயோடைடைச் சேர்க்கும்போது முதல் வழி 2,6-டைமெத்தில் கீட்டோனையும், இரண்டாவது வழி 2,2-டைமெத்தில் கீட்டோனையும் முதன்மையாகத் தரும். நூலைப் பார்க்காமல் இந்த இரு வழிகளையும் வரைந்து, ஒவ்வோர் அம்புக்கும் வாய்விட்டுக் காரணம் சொல்லுங்கள். வீட்டார் வியப்போடு பார்த்தாலும் பரவாயில்லை. சொல்லும்போதுதான் எங்கே மழுப்புகிறோம் என்பது நமக்கே தெரியவரும்.

இரவு ஷிப்டு முடிந்து திரும்பிய காலையில் புதிய பகுதி எதையும் தொட வேண்டாம். பிகேஏ மதிப்புகளை எழுதிவைத்த அட்டைகளை ஆலைப் பேருந்தில் புரட்டுவது போதும். புதிய பாடத்தை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, நீங்கள் கையால் வரைந்த தாளைப் படமெடுத்துப் பாட ஆலோசகருக்கு அனுப்பிவிடுங்கள். சரியான விடையை அனுப்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், தவறிய தாளையே அனுப்புங்கள்.

கேள்வி: தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். ஆய்வுக்கூடப் பயிற்சி இல்லாத தொலைக்கல்விப் படிப்பில் சேரலாமா? எளிய வினைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: வீட்டில் அறவே வேண்டாம். கரிம வேதியியலில் அன்றாடம் கையாளும் டைஎத்தில் ஈதர் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். நம் ஊர்ப் பிற்பகல் வெப்பம் அதற்குச் சில டிகிரியே குறைவு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, தொலைவில் எரியும் அடுப்பைக்கூட எட்டித் தீப்பற்றும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம் வசிக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆய்வுக்கூடப் பயிற்சியே இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நைட்ரஜன் சூழலில் ஈரமின்றி ஒரு வினையை நடத்துவதும், கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் மென்படலத் தகட்டைப் பார்த்து வினை முடிந்ததா என்று முடிவெடுப்பதும், விளைபொருளைப் படிகமாக்கித் தூய்மைப்படுத்துவதும் நேரில் நின்றுதான் வசப்படும். கட்டணம் செலுத்துமுன் செய்முறைப் பயிற்சி எத்தனை நாள், எந்த ஊரில், பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையவை என்பவற்றைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பட்டத்தை வைத்து நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் நிறுவனம் அதை ஏற்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்தே ஆழமாகப் பழகக்கூடிய ஆய்வுக்கூட வேலை ஒன்று உண்டு. அது நிறமாலை வாசிப்பு, அதாவது கருவி பதிவுசெய்த சைகைகளைக் கொண்டு சேர்மத்தின் அமைப்பைக் கண்டறிவது. ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனம் நடத்தும் எஸ்டிபிஎஸ் தொகுப்பில் பல்லாயிரம் சேர்மங்களின் நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நகப்பூச்சு அகற்றிகள் பலவற்றில் இருக்கும் எத்தில் அசிட்டேட்டில் தொடங்கலாம். அதன் ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 1.26, 2.04, 4.12 பிபிஎம் அருகே மூன்று சைகைகள் தென்படும். நடுவிலுள்ளது பிளவுபடாமல் நிற்பதற்கும், 4.12-இல் உள்ளது நான்காகப் பிளப்பதற்கும் காரணத்தை அடுத்தடுத்த கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்களை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த சேர்மத்தைப் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு முயலலாம்.

கேள்வி: தேசிய சேவையை முடிக்கப் போகும் என் மகன் இப்படிப்பில் சேர விரும்புகிறான். பெரும் பணம் கட்டுமுன் அவனுக்கு இது ஒத்துவருமா என்று அறிய வழி உண்டா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு, அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களைத் திறந்த பாடத் தளத்தில் வைத்திருக்கிறது. அதில் 5.12, 5.13 என்னும் எண் கொண்டவை கரிம வேதியியலின் முதலிரு பாடங்கள், 5.43 உயர்நிலைப் பாடம். இந்தியாவின் ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடிஇஎல் விரிவுரைகளையும் இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். மகனை 5.12-இன் பயிற்சித் தாள்களை மூன்று மாதம் பேனாவும் தாளுமாகச் செய்துவரச் சொல்லுங்கள். மூன்றாவது மாதத்திலும் அவன் தானாகவே மேசைக்குச் சென்று அமர்கிறான் என்றால் தயங்காமல் கட்டணத்தைச் செலுத்துங்கள். நீங்கள் நினைவூட்டினால்தான் அமர்கிறான் என்றால், ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் அருகிலேயே இருக்கும் முழுநேரப் படிப்பை அவனோடு சேர்ந்து தேடுங்கள்.