தப்பவே முடியாத ஏவல் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நானும் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் ஆறு அத்தியாயங்களையும் முடிவின் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். 1942இல் பர்மாவில் இருந்து நடந்தே ஊர் திரும்பும் ஒரு குடும்பம், கானாடுகாத்தானில் அவர்கள் வீடு, அவர்களைப் பழிவாங்க ஏவல் என்கிற சூனியத்தை விடும் பழைய கணக்குப்பிள்ளை. அவன் ஓலையில் யார் பெயரை எழுதுகிறானோ அவரை ஏவல் அடித்தே தீரும். ஓடினாலும் ஒளிந்தாலும் கோயிலுக்குள் போய் நின்றாலும் விடாது.

இதைப் படித்த என் நண்பன், கேம் பைத்தியம், "விலகவே முடியாத அடி என்றால் அது போங்காட்டம். கேமில் வைத்தால் பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள், கதையில் வைத்தால் எழுதுகிறவனுக்கு சோம்பேறித்தனம்" என்கிறான். நம் புராணங்களில் இல்லாததா என்று கேட்டேன், அது சாமி கதை, அதற்கு வேறு கணக்கு என்கிறான். கடைசியில் கதாநாயகன் மேல் விட்ட ஏவல் மட்டும் பலிக்காமல் போகிற மாதிரி முடித்திருக்கிறேன், அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் ஆச்சி.)

*

அன்புள்ள தம்பி,

ஆறு அத்தியாயங்களையும் ஒரே இரவில் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். பூட்டிக்கிடந்த வீட்டை அவர்கள் திறக்கும் இடமும், வளவு முற்றத்தில் வெயில் விழுவதும், இரண்டாம் கட்டில் அப்பத்தா தனியாக உட்கார்ந்திருப்பதும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் நண்பருக்குப் பிடிக்காதது இரண்டு. ஏவல் தப்பாமல் அடிப்பது ஒன்று, கடைசியில் அது தப்பிப்போவது இன்னொன்று. முதலாவதில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் முழுக்க அவர் பக்கம்தான்.

அவருடைய கேமில் இருந்தே ஆரம்பிப்போம். விலக முடியாத அடி கேம்களில் ஏராளம், அதில் பலதை ஜனங்கள் ஆசையாக விளையாடுகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டில் மேஜிக் மிசைல் என்று ஒரு மந்திரம், மூன்று அம்புகள், படுமா படாதா என்று பகடையே உருட்ட வேண்டாம், பட்டே தீரும். ஆனால் ஒரு அம்புக்கு சேதம் இரண்டில் இருந்து ஐந்துக்குள்தான், எதிராளியிடம் ஷீல்டு மந்திரம் இருந்தால் அதுவும் இல்லை. போகேமான் கேமில் ஸ்விஃப்ட் என்ற அடி குறி தப்பாது, வலு நடுத்தரம். அதிலேயே, எதிராளியை ஒரே அடியில் சாய்க்கிற ஃபிஷர் நூற்றுக்கு முப்பது தடவைதான் படும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிச்சயத்துக்கு ஒரு விலை, பலத்துக்கு ஒரு விலை. 2019இல் வந்த செகிரோ என்ற வாள்சண்டை கேமில் தடுக்கவே முடியாத வீச்சு வரும்போது தலைக்கு மேல் சிவப்பில் ஒரு எழுத்து மின்னும். குத்த வந்தால் வாளை மிதிக்க வேண்டும், காலை வாரினால் எகிற வேண்டும், பிடிக்க வந்தால் விலகி ஓட வேண்டும், இதையெல்லாம் அரை நொடியில் தீர்மானிக்க வேண்டும், அந்த அரை நொடிக்காகத்தான் அந்த கேமையே விளையாடுகிறார்கள். நிஜமாகவே ஆட்களைக் கோபப்படுத்துவது 1996இல் மாரியோ கார்ட் 64 என்ற பந்தய கேமில் வந்த நீல ஆமை ஓடு, முதலாவதாகப் போகிறவனைத் தேடிப்போய் அடிக்கும், அவன் செய்வதற்கு அனேகமாக ஒன்றும் இல்லை. 2014இல் மாரியோ கார்ட் 8இல் அதை உடைக்க ஒரு ஹாரனைக் கொடுத்தார்கள். அது எப்போதாவதுதான் கையில் கிடைக்கும், ஆனாலும் வைத்துக்கொள்வதா ஊதிவிடுவதா என்று யோசிக்க ஒரு விஷயம் வந்துவிட்டது.

ஆக, விலக முடியாததால் அது போங்கு ஆவதில்லை. அடிக்கு முன்னாலும் செய்ய ஒன்றுமில்லை, பின்னாலும் செய்ய ஒன்றுமில்லை என்றால்தான் போங்கு.

சாமி கதைக்கு வேறு கணக்கு என்கிறாரே, அதை மட்டும் நான் விடமாட்டேன். சாமி கதையில்தான் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம், யார் மேல் விட்டாலும் கொல்லும், ஆனால் ஒரு முறைதான், அதற்கு அவன் கொடுத்த விலை கவச குண்டலம். அது கையில் வந்த நாளில் இருந்து, அர்ஜுனன் தப்புவானா என்பதை விட அது யார் மேல் செலவாகும் என்பதுதான் பெரிய கேள்வி. கடோத்கசன் மேல் செலவானது, பாண்டவர் அழும்போது கண்ணன் ஆனந்தப்படுகிறான், எவ்வளவு கொடூரமான இடம் அது! அஸ்வத்தாமன் விட்ட நாராயணாஸ்திரம் எதிர்க்க எதிர்க்க வளரும், ஆயுதத்தைக் கீழே போட்டுத் தேரில் இருந்து இறங்கினால் ஒன்றும் செய்யாது, பீமனால் அதுதான் முடியவில்லை, அவனைப் பிடித்து இழுத்து இறக்க வேண்டியிருந்தது. சீதையைக் கொத்திய காகத்தின் மேல் இராமன் விட்ட புல் உலகமெல்லாம் துரத்தியது, கடைசியில் காகம் அவன் காலிலேயே வந்து விழுந்தபோது உயிர் பிழைத்தது, ஆனால் விட்ட அஸ்திரம் வீணாகக்கூடாதே, ஒரு கண் போயிற்று.

அப்புறம் வாலி. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாலியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. உங்கள் நண்பர் மொழியில் சொன்னால் வாலியின் வரமே போங்குதான், எதிரே வந்து நிற்கிறவன் பலத்தில் பாதி அவனுக்குப் போய்விடும். இன்னொரு பக்கம் இராமன் அம்பு, தப்பியதே கிடையாது. தப்பாத இரண்டும் மோதினால் கதை அங்கேயே முடிந்துவிட வேண்டும், ஆனால் கம்பன் அங்கேதான் தொடங்குகிறான். கனிந்த வாழைப்பழத்தில் ஊசி இறங்குவது போல் மார்பில் இறங்கிய அம்பு நின்றுவிடுகிறது, வாலி அதைக் கையால் பற்றி நிறுத்துகிறான், பிடுங்கி அதில் உள்ள பெயரைப் படிக்கிறான். அவன் சாகப்போவது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால் இனி உயிரைப் பற்றிய பேச்சே இல்லை, நியாயத்தைப் பற்றித்தான் பேச்சு. ஏன் மறைந்து நின்றாய் என்று கேட்கிறான், அதற்கு இலக்குவன் பதில் சொல்கிறான், அந்தப் பதில் போதுமா போதாதா என்று இன்று வரை மேடையில் அடித்துக்கொள்கிறோம். கேள்வி எல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு வாலி ஒரு வேண்டுகோள் வைக்கிறான் பாருங்கள், என் தம்பி கள் குடித்து புத்தி மாறி ஏதாவது தப்பு செய்தாலும் என் மேல் விட்ட அம்பை அவன் மேல் விட்டுவிடாதே என்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த அம்பு எப்படிப்பட்டது என்று உடம்பால் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், தெரிந்துகொண்டதை வைத்து அவன் செய்தது தன்னைக் கொல்ல வைத்த தம்பிக்காகக் கெஞ்சியது. பின்னால் மழைக்காலம் முடிந்தும் சுக்ரீவன் குடியில் கிடந்து வாக்கை மறக்கிறபோது, இலக்குவன் கோபத்தோடு கிளம்பிப் போகிறபோது, வாலியின் அந்த வேண்டுகோள் நம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்பு தப்பியிருந்தால் இதில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். ஐந்து அத்தியாயமாக ஏவல் தப்பாது, தப்பாது என்று சொல்லி மூன்று பேரைக் கொன்றிருக்கிறீர்கள். அந்த மூன்று சாவையும் வாசகர் நம்பியிருக்கிறார், சின்னப் பையன் சாவு உட்பட. கதாநாயகன் முறை வரும்போது மட்டும் அது பலிக்கவில்லை, காரணமும் இல்லை, நல்லவன் என்பதைத் தவிர. அப்படியானால் அந்தப் பையன் நல்லவன் இல்லையா? முடிவைப் படித்ததும் என் மனதில் வந்த முதல் கேள்வி இதுதான். தம்பி, தயவுசெய்து அந்த முடிவை எடுத்துவிடுங்கள். ஏவல் அடிக்கட்டும்.

அதற்குப் பதிலாக கணக்குப்பிள்ளையைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுக்க பேரேடு எழுதியவன், வரவு என்று ஒன்று இருந்தால் பற்று என்று ஒன்று இல்லாமல் அவன் கை எழுதாது. ஒவ்வொரு பெயரை எழுதும்போதும் அவனிடம் இருந்து ஏதாவது போகட்டும், பார்வை போகலாம், சொந்த மகளின் முகம் மறந்து போகலாம், எதுவென்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இப்போது அவனுக்கு ஏவல் சும்மா கிடைக்கிறது, அதனால்தான் உங்கள் நண்பருக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது, எனக்கும் மூன்றாம் அத்தியாயத்தில் அப்படித்தான் பட்டது. விலை வந்துவிட்டால் இன்னும் எத்தனை பெயர் எழுத அவனிடம் மிச்சம் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள், யாரை முன்னால் நிறுத்துவது என்ற அசிங்கமான பேச்சு பட்டாசாலையில் நடக்கும், அதில் யார் வாய் திறக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, ஆறாவது அத்தியாயத்தில் அப்பத்தா தன் பெயரையே ஓலையில் எழுதச் சொல்லிக் கணக்குப்பிள்ளைக்கு ஆள் அனுப்புகிறாரே, அதை நீங்கள் இரண்டே பத்தியில் கடந்து போயிருக்கிறீர்கள். ஏவல் வந்து சேர மூன்று நாள் ஆகும் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளில் அவர் யாரைக் கூப்பிட்டு அனுப்புகிறார், பெட்டகச் சாவியை யார் கையில் கொடுக்கிறார், ரங்கூனில் நடந்ததைப் பேரனிடம் சொல்கிறாரா இல்லையா, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அதை மட்டும் தனி அத்தியாயமாக எழுதி முதலில் அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆச்சி