பணம் கட்டாமல் குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரு நாள் முழுவதும் பார்க்க என்ன இருக்கிறது?

குதிரைமேல் பந்தயப் பணம் கட்டாதவருக்கு அங்கே பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பணம் கட்டுவதில்லை. குதிரைகளைப் பார்ப்பதற்காகவே போகிறேன், மாலைவரை எனக்குச் சலிப்பதில்லை.

1200 மீட்டர் பந்தயம் ஏறத்தாழ 70 நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த பந்தயத்துக்குச் சுமார் அரைமணி நேரம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதை வெறும் காத்திருப்பாகக் கருதி இருக்கையிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எழுந்து, ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்குக்குப் போய் வேலியோரம் நில்லுங்கள். முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுகிறதா என்று பாருங்கள். இறுக்கமில்லாத, நீண்ட நடைக்கு அது அடையாளம். மேனியின் மினுமினுப்பையும் காதுகளின் அசைவையும் கவனியுங்கள். தொடையிடுக்கில் வியர்வை நுரைத்து, தலையை உதறியபடியே சுற்றும் குதிரை, ஓடுவதற்கு முன்பே தன் வலிமையில் ஒரு பங்கைச் செலவழித்துக்கொண்டிருக்கக் கூடும். அப்படியும் வென்றுவிடும் குதிரைகள் உண்டு என்பதால், பார்வைக்குப் பழகப் பழகத்தான் இதில் தெளிவு பிறக்கும்.

உலகின் எந்த மைதானமானாலும், அங்கே சுற்றும், பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனமான தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழியைப் பின்னோக்கித் தேடினால், பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்னும் மூன்று ஆண்குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். மூன்றும் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் இங்கிலாந்துக்கு வந்தவை. டார்லி அரேபியனின் வழியில் 1764இல் பிறந்து, ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காத எக்லிப்ஸ் என்ற குதிரையின் வாரிசுகளே இன்று மிகப் பெரும்பான்மையாக உள்ளன. இதை அறிந்தபின், வேலிக்கு அப்பால் நடக்கும் இளங்குதிரை ஒவ்வொன்றையும் நான் கூடுதல் மதிப்போடு பார்க்கிறேன்.

பந்தயத்தை ஒருமுறையாவது மேடையிலிருந்து பார்க்காமல், கடைசி 200 மீட்டரில், ஓடுபாதையின் வேலியருகே நின்று பாருங்கள். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடல்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நெருங்கும்போது, குளம்பொலியோடு அவற்றின் மூச்சொலியும் தனியாகக் கேட்கும். பாய்ந்தோடும் குதிரைக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். அதையும் அது மூக்கின் வழியாக மட்டுமே இழுக்கிறது. அந்த நிலையில் சாட்டை ஓங்கப்படுவதைக் காண எனக்கு மனம் வருவதில்லை. பல நாடுகள் அடிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்திருக்கின்றன. சாட்டையடியே முற்றிலும் நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

குதிரைகள் எல்லைக்கோட்டைக் கடந்ததும் திரும்பிவிடாதீர்கள். திறன் மிக்க குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன்செய்யும் ஹேண்டிகேப் பந்தயங்களில், குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடை குறைவாக இருந்தால் சேணத்தில் ஈயத்தகடுகள் வைப்பார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தைத் தானே அவிழ்த்துக்கொண்டு, அதோடு மீண்டும் எடைமேடையில் ஏற வேண்டும். அங்கே எடை சரியாக இருந்தால்தான் முடிவு உறுதியாகும்.