ஒரே எழுத்து, பல ஒலிகள்

கேள்வி: ஜூரோங்கில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். உடன் படிக்கும் சீனத் தோழிகள், ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்தான கன்ஜியைக் கண்டதும் பொருள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது என்னைப் போலவே தடுமாறுகிறார்கள். ஓர் எழுத்துக்கு ஏன் இத்தனை ஒலிகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கன்ஜியைச் சீன வழி ஒலியால் படிப்பது ஒன்யொமி, ஜப்பானியச் சொல்லால் படிப்பது குன்யொமி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுமாற்றம் வருவது, ஒன்யொமியே பலவாக இருப்பதால்தான். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பௌத்தத்தோடு வந்த ஒலிகள் வேரூன்றிவிட்ட பிறகு, சீனாவின் தாங் அரசின் தலைநகரான சாங்ஆனுக்குச் சென்று திரும்பிய தூதர்களும் மாணவத் துறவிகளும் அங்கு வழங்கிய ஒலிகளைக் கொண்டுவந்தனர். பின்னர் ஜென் துறவிகளும் வணிகர்களும் இன்னொரு வகையைச் சேர்த்தனர். புதியது வந்தும் பழையது விலகவில்லை. அதனால் 'செல்' என்னும் பொருளுடைய ஒரே எழுத்து, துறவியின் பயிற்சியான 'ஷுக்யோ'வில் 'க்யோ' என்றும், வங்கியான 'கின்கோ'வில் 'கோ' என்றும், பழைய காகித விளக்கான 'அன்தொன்'னில் 'அன்' என்றும் ஒலிக்கிறது.

தமிழில் ககரம் 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்னும் சொற்களில் வேறுவேறாக ஒலித்தாலும், அதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. கன்ஜிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அந்தச் சொல் எந்தக் காலத்தில், யார் வழியாக வந்தது என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, 2010ஆம் ஆண்டின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2136 எழுத்துகளுக்கும் ஒலிகளைத் தனித்தனியே உருப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'கின்கோ'வை முழுச் சொல்லாகவே வாயில் பழக்குங்கள்.

தோழிகளில் யாருக்கேனும் கான்டனீஸ் தெரிந்தால் அவசியம் கேட்டுப் பாருங்கள். நாடு என்பதை மாண்டரினில் 'குவோ' என்பர். கான்டனீஸில் அது 'குவோக்'. ஜப்பானியத்தின் 'கொகு' அந்தப் பழைய ககர ஈற்றைத்தான் உகரம் சேர்த்துக் காத்து நிற்கிறது. மாண்டரின் அந்த ஈற்றை இழந்துவிட்டதால், அதை மட்டும் அறிந்தவர் இந்த ஒலியை ஊகிப்பது கடினம்.

வாய்விட்டு வாசிப்பதில் ஜப்பானியருக்கும் இடர் உண்டு. தனியார் பள்ளி, நகராட்சிப் பள்ளி இரண்டுக்கும் முதல் கன்ஜி வேறானாலும், அடைமொழியின் ஒலி 'ஷிரிட்சு'தான். கேட்பவர் மயங்காதிருக்க, தனியார் என்னும்போது முதலெழுத்தைக் குன்யொமிக்கு மாற்றி 'வதகுஷிரிட்சு' என்று வாசிப்பார்கள்.

குறில் நெடில் வேறுபாடு உங்களுக்குப் பிறவிச் சொத்து, அதைக் கைவிடாதீர்கள். 'கொகொ' என்றால் இங்கே, 'கோகோ' என்றால் மேல்நிலைப் பள்ளி. கன்ஜியின் மேல் அதன் ஒலியைக் காட்டும் சிறிய கனா எழுத்துகளை அச்சிட்ட சிறுவர் நூல்களை எடுத்து, அந்தக் கனாவை மறைத்து ஒரு வரியை உரக்க வாசித்தபின் திறந்து சரிபாருங்கள். தவறிய சொல்லை மட்டும் அதன் வாக்கியத்தோடு எழுதிவைத்து, மறுநாள் அதிலிருந்தே வாசிப்பைத் தொடங்குங்கள்.