வீட்டுக் கடனோடு வந்த பாலிசி, திருடு போன நகைக்குப் பணம் தருமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் பெங்களூரு போகிறோம். திரும்பி வர இரண்டரை மாதம் ஆகும். வீட்டில் 45 சவரன் நகையும் வெள்ளிப் பாத்திரங்களும் இருக்கின்றன. கடன் வாங்கியபோது வங்கி போட்டுக்கொடுத்த வீட்டுக் காப்பீட்டிலேயே திருட்டுக்கும் கவர் உண்டு என்கிறார் ஏஜென்ட். லாக்கர் கேட்டால், வருடம் ஒரு லட்சம் கட்டும் ஆயுள் காப்பீடு எடுத்தால்தான் தருவோம் என்கிறது வங்கி. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முதலில் அந்த பாலிசியை எடுத்து அதன் பெயரைப் பாருங்கள். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று இருந்தால், உங்கள் ஏஜென்ட் சொன்னது தவறு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த பாலிசி தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அதில் ‘திருட்டு’ என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் தீயோ வெள்ளமோ வந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் திருடு போனால்தான் அது பொருந்தும். பூட்டை உடைத்து பீரோவைக் காலி செய்துவிட்டுப் போனால் ஒரு ரூபாய்கூட வராது. நான் காப்பீட்டு இழப்பை மதிப்பிடும் சர்வேயராக இருந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்த ஒரு சொல்லை நம்பி ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். விற்கும்போது அந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட ஏஜென்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அதனால் 45 சவரனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதற்கு லாக்கர்தான் இடம். லாக்கருக்காக ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் விதிகளின்படி, மூன்று ஆண்டு வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்க ஆகும் செலவும் சேர்ந்த அளவுக்கு வைப்புத்தொகை கேட்கலாம், அவ்வளவுதான். அந்த வங்கியில் ஏற்கெனவே கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவரிடம் அதைக்கூட வற்புறுத்தக் கூடாது. லாக்கர் காலி இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து எண் கொடுக்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் குரல் மாறுவதைப் பார்ப்பீர்கள். இத்தனை தெளிவான விதி இருந்தும் கிளைதோறும் இதே பேரம் நடக்கிறது என்றால், காப்பீடு விற்கும் இலக்கு எட்டாத கோபத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

லாக்கரிலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அங்கே திருடு போனாலோ ஊழியர் மோசடி செய்தாலோ, வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 4,000 ரூபாய் என்றால் நாலு லட்சம். உங்கள் 45 சவரனில் ஒரு மூலைக்குக்கூட அது வராது. ஆனாலும் இரண்டரை மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டை விட அது எவ்வளவோ மேல்.

வெள்ளிக்கும் மற்ற சாமான்களுக்கும் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுக்கலாம். அங்கேதான் பெரிய பொறி. இந்த வகை பாலிசிகள் பெரும்பாலும் பூட்டையோ ஜன்னலையோ உடைத்து உள்ளே நுழைந்த திருட்டுக்குத்தான் பணம் தரும். பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2004-இல் சொல்லிவிட்டது. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவியை எடுத்துத் திறந்தால், உடைத்த தடயம் எங்கே என்று கேட்பார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இதைவிட முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பல பாலிசிகளில், வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் கவர் கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். சிலவற்றில் 60 நாள். நீங்கள் போவது ஏறக்குறைய 75 நாள். ‘வேலைக்கார அம்மா தினமும் வந்து செடிக்குத் தண்ணீர் விடுகிறார்’ என்றால் அது ஆள் இருப்பதாக ஆகாது. பகலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விளக்குப் போட்டுவிட்டுப் போவதும் ஆகாது. இரவில் யாராவது தங்க வேண்டும். தம்பி மகனோ நம்பிக்கையான உறவினரோ வந்து படுத்துக்கொண்டால் நல்லது. அதுவும் முடியாதென்றால், கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வீடு பூட்டியிருக்கும் என்று தெரிவித்து, கவரைத் தொடரச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். ஏஜென்ட் போனில் ‘நான் பார்த்துக்கிறேன்’ என்பது சம்மதம் ஆகாது. மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் தங்கும் பெற்றோர் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்கும் பாலிசியில் இந்த வரி எங்கோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடப்பது நியாயமே இல்லை.

ஒருவேளை திருடு போய்விட்டால் எதையும் தொடாமல் 100-க்குப் போன் செய்யுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து ‘விசாரிக்கிறோம்’ என்று அனுப்புவார்கள். அது புகார் பெற்றதற்கான ரசீது மட்டும்தான். க்ளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ, மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கோ புகாரை அஞ்சலில் அனுப்புங்கள். பூட்டை உடைத்த திருட்டுக்குக்கூட காவல் நிலையத்துக்கு நாலு தடவை நடந்தால்தான் எஃப்.ஐ.ஆர். என்ற நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பொருளை இழந்தவரை அலைய விடுவது எந்த ஊர் நியாயம்?

அப்புறம், ‘க்ளெய்மை நான் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்’ என்று ஒருவர் வருவார். திருட்டு நடந்த செய்தி அவருக்கு எப்படியோ எட்டிவிடும். கிட்டே சேர்க்காதீர்கள். நிறுவனம் மறுத்தால், அல்லது குறைத்துக் கொடுத்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதையும் நிராகரித்தால், அல்லது ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் நீங்களே போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்புகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. நகை, வெள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் வாங்கிய தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள முத்திரை இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நகைக்கு எடை எழுதி, ரசீது இல்லாவிட்டால் கல்யாணப் படத்தில் அதை அணிந்திருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மகளின் போனுக்கு அனுப்பி வையுங்கள். காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் தேதிகளை எழுதிக் கொடுங்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். பேரனோ பேத்தியோ பிறந்த சந்தோஷத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊருக்கே சொல்வதை மட்டும் வீடு திரும்பும்வரை தள்ளிப் போடுங்கள்.