பேத்தியின் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை ஏன் பூட்டு?

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறான். பேத்தி படிக்கும் அரசுப் பள்ளி வாரத்தில் நான்கு நாள்தான் நடக்கிறது. நிதி நெருக்கடியாம். அவ்வளவு பணக்கார நாட்டில் அரசுப் பள்ளிக்குப் பணமில்லாமல் போகுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போகும், அம்மா. அதே மாநிலத்தில் சிறிய பள்ளி மாவட்டம் (அங்கே ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஒன்றின் கணக்கு அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இருநூறு பிள்ளைகளே இருந்தாலும் அந்த மாவட்டத்துக்குத் தனி நிர்வாகக் குழு, தனி வரவு செலவு உண்டு. மாநில அரசின் பணம் மாணவர் வருகையை ஒட்டி வருகிறது. வகுப்புக்கு ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போனால் வரவு குறைந்துவிடும். செலவு குறையாது. மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கும் அதே ஆசிரியர் வேண்டும்; பஸ்ஸும் அதே மலைப்பாதையில் அதே தூரம் ஓட வேண்டும்.

உள்ளூரில் வரி வசூலிக்கலாமே என்பீர்கள். ஐடஹோ நிலத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் மத்திய அரசுடையது. அதற்குச் சொத்து வரி கிடையாது. அதை ஈடுகட்டத்தான், தேசிய வன வருவாயில் 25 சதவீதத்தை உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தர வேண்டும் என்று 1908-ல் சட்டம் வந்தது. 1990-களில் அந்த வனங்களில் மரம் வெட்டுவது பெரிதும் குறைந்தது, கூடவே இந்த வருவாயும் சரிந்தது. 2000-ல் மாற்று உதவிக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அதையும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவ்வப்போது புதுப்பித்தால்தான் பணம் வரும். வருமா வராதா என்று தெரியாமல் அடுத்த ஆண்டுக்கு ஆசிரியரை நியமிப்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும்.

என்னை இன்றும் கோபப்படுத்துவது கட்டட விஷயம். கூரை ஒழுகுகிறது, புதுக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் ஐடஹோவில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஆதரித்தாலும் தோல்விதான்! கட்டடங்களுக்குப் பணம் தரும் இந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ஐடஹோ உச்ச நீதிமன்றமே 2005-ல் சொன்னது. அதற்குப் பிறகும் அந்த மூன்றில் இரண்டு விதி அப்படியே இருந்தது.

இனி வெள்ளிக்கிழமை விடுமுறை. இதனால் பெரிதாக மிச்சமாகும் என்று நம்பாதீர்கள். 2011-ல் வந்த ஓர் ஆய்வு, நான்கு நாள் முறைக்கு மாறிய மாவட்டங்கள் சிலவற்றில் உண்மையில் மிச்சமானது 0.4 முதல் 2.5 சதவீதம் வரைதான் என்று காட்டியது. செலவில் பெரும்பகுதி சம்பளம். வேலை நேரத்தை நான்கு நாளுக்குள் நீட்டுவதால் அது குறைவதில்லை. பஸ் டீசலும் மதிய உணவும் கொஞ்சம் மிச்சம். ஆனாலும் பல மாவட்டங்கள் இதை விடாததற்குக் காரணம், அதிகச் சம்பளம் தர முடியாத ஊருக்கு ஆசிரியரை இழுக்க மூன்று நாள் ஓய்வு உதவுகிறது என்ற எண்ணம்தான். அந்த நாளில் பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளை என்ன செய்யும் என்பதை நிர்வாகக் குழுவிடம் கேட்டே ஆக வேண்டும்.

உங்கள் மகனைப் பள்ளிக் குழுவின் வரவு செலவுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. கூட்டத்தில் உட்காரத் தடையில்லை. பள்ளிக்கான கூடுதல் உள்ளூர் வரிக்கு எப்போது வாக்கெடுப்பு, அது தோற்றால் எந்த ஆசிரியர் பணியிடம் போகும், இந்த இரண்டையும் முதலில் கேட்கட்டும்.